கப்பலில் காலா இரவு: கோட்டு தைக்கணுமா, வேட்டி போதுமா?

#1 | கோவைக்காரி

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

மகள் இங்கிலாந்தில் வேலையில் இருக்கிறாள். அவள் அப்பாவுக்கு அறுபது முடிந்ததைக் கொண்டாட, செப்டம்பரில் எங்களைக் கப்பலில் கூட்டிக்கொண்டு போகிறாள். குயின் மேரி 2. சவுத்தாம்ப்டனில் ஏறினால் 7 இரவு கழித்து நியூயார்க்கில் இறங்க வேண்டும். நடுவில் எந்த ஊரிலும் நிற்காதாம், ஏழு நாளும் கடல்தான். அது எனக்குப் பயமில்லை. துணிதான் பயம்.

டிக்கெட்டோடு வந்த குறிப்பில் இரண்டு ‘காலா ஈவினிங்’, அதாவது விருந்து உடையில் வர வேண்டிய ராத்திரி, என்று போட்டிருக்கிறது. ஒரு ராத்திரி கறுப்பு-வெள்ளை, இன்னொரு ராத்திரி முகமூடி. ஆண்கள் டின்னர் ஜாக்கெட்டோ அடர்நிற சூட்டோ போட வேண்டுமாம். எங்கள் வீட்டுக்காரர் 34 வருஷம் மில்லில் இருந்தவர். கோட்டு போட்டது கல்யாண வரவேற்பில் ஒரே ஒரு நாள். அதுவும் வாடகைக் கோட்டு, போட்டோவில் விரல் நுனி மட்டும்தான் வெளியே தெரியும். இப்போது பேச்செடுத்தாலே, “விடலைன்னா ரூம்லயே தயிர்சாதம் சாப்பிட்டுக்கறேன், நீங்க போயிட்டு வாங்க” என்கிறார்.

இந்த இரண்டு ராத்திரிக்காக ஒரு சூட் தைக்கலாமா? எனக்குப் பட்டுப்புடவை போதுமா, இல்லை அங்கே நான் மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி நிற்பேனா? விமானத்தில் ஆளுக்கு 23 கிலோதான், அதையும் பார்க்க வேண்டும்.

#2 | கடுகு

முதலில் என் சந்தேகத்தைத் தீர்த்து வையுங்கள். காசையும் நாமே கட்டிவிட்டு, அவன் சொல்கிற சட்டையையும் நாமே போட வேண்டுமா?

நார்வேஜியன் கம்பெனி 2000-லேயே ‘ஃப்ரீஸ்டைல்’ என்று சொல்லி இந்தத் தொல்லையை ஒழித்துவிட்டது. செலிபிரிட்டி கப்பல் கம்பெனி 2015-இல் ‘ஃபார்மல் நைட்’ என்ற பேரையே தூக்கிவிட்டு ‘ஈவினிங் சிக்’ என்று வைத்தது. வைகிங் கடல் கப்பல்களில் ஃபார்மல் இரவு கிடையவே கிடையாது. உலகம் பூரா கழற்றிப் போட்ட கோட்டை இவர்கள் மட்டும் ஏன் பிடித்துத் தொங்குகிறார்கள்?

#3 | சவுத்தாம்ப்டன்_வாசி

கடுகு, அவர்கள் டிக்கெட் எடுத்து முடித்துவிட்டார்கள். நிச்சயதார்த்தம் ஆன பிறகு ஜாதகம் பார்க்கச் சொல்கிறீர்கள்.

அம்மா, இந்தக் கப்பலில் நான் இரண்டு தடவை அட்லாண்டிக் தாண்டியிருக்கிறேன். கவலையே படாதீர்கள். குயின் மேரி 2-ஐ ஓட்டும் கம்பெனி குனார்டு. அவர்கள் கப்பல்களில் மாலை 6 மணிக்கு மேல்தான் உடைக் கணக்கு ஆரம்பம். அதுவரை நீங்கள் சுடிதாரில் சுற்றலாம், ஐயா டி-ஷர்ட்டில் சுற்றலாம். காலா இரவில் ஆண்களுக்கு டின்னர் ஜாக்கெட் (போ டையோடு போடும் கறுப்புக் கோட்டு), இல்லாவிட்டால் அடர்நிற சூட்டும் டையும். அவர்கள் தாளைக் கடைசி வரை படித்தால் இன்னொன்றும் இருக்கும்: அவரவர் நாட்டு விழா உடை. ஸ்காட்லாந்துக்காரர் கில்ட்டில் (அவர்கள் ஊர் ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட பாவாடை) வருவார், ராணுவத்தில் இருந்தவர் சீருடையில் வருவார். அந்த வரிசையில் பட்டு வேட்டிக்கும் இடம் உண்டு. மற்ற 5 இரவும் சாதாரணம்தான். காலர் சட்டை, நல்ல பேன்ட், மேலே ஒரு ப்ளேசர் இருந்தால் நல்லது, டை கட்டாயமில்லை.

6 மணிக்கு மேல் ஆகாது என்று சொல்வது அரைக்கால் சட்டை, கிழிசல் ஜீன்ஸ் வகையறாக்களை. ஆகவே ஐயா வேட்டியை மடித்துக் கட்டாமல் இருந்தால் சரி :)

அப்புறம், உடுத்திக்கொள்ளவே மனசு வராத இரவில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. மேலே கிங்ஸ் கோர்ட் பஃபே இருக்கிறது, கோல்டன் லயன் பப் இருக்கிறது. அங்கே காலா உடை யாரும் கேட்கமாட்டார்கள். தயிர்சாதம் வரைக்கும் போக வேண்டாம்.

நான் முதல் தடவை போனபோது கையில் இருந்தது ஆபீஸுக்குப் போடும் கருநீல சூட் ஒன்றுதான். பக்கத்து மேஜையில் ஒருவர் வால் வைத்த கோட்டில், மார்பில் சின்னச் சின்னப் பதக்கங்களோடு உட்கார்ந்திருந்தார். எனக்குச் சூப் இறங்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் அவர் என் பக்கம் குனிந்து கேட்டது, ரொட்டிக் கூடையை நகர்த்த முடியுமா என்று. அவ்வளவுதான்.

#4 | கோவைக்காரி

படித்துக் காட்டினேன். ‘நாட்டு விழா உடை’ என்றதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். “அதான் சொன்னேன்ல” என்கிறார். எதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை.

#5 | ஏழாம்தளம்

நான் 11 வருஷம் பயணிகள் கப்பலில் சாப்பாட்டு மண்டபப் பிரிவில் இருந்தவன். கம்பெனி பேர் வேண்டாம். உள்ளே நின்று பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

கடுகு கேட்ட ‘ஏன்’ நியாயமான கேள்விதான். விமானம் வருவதற்கு முன் அட்லாண்டிக் தாண்டக் கப்பல் ஒன்றே வழி. முதல் வகுப்பில் போனவர்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு எப்படி உடுத்தினார்களோ அப்படியே கப்பலிலும் உடுத்தினார்கள். அதற்கென்று தனி ராத்திரி கிடையாது. எல்லா ராத்திரியும் அதுதான். இரண்டு இரவுக்கு மட்டும் விதிவிலக்கு. ஏறிய அன்று பெட்டி இன்னும் அறைக்கு வந்து சேர்ந்திருக்காது. இறங்குவதற்கு முந்தின ராத்திரி பெட்டியைக் கட்டிக் கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. முதல் இரவும் கடைசி இரவும் காலா வராது. ஆனால் ஒன்று: கடைசி ராத்திரி பெட்டியை வெளியே வைக்கும்போது மறுநாள் காலையில் போட வேண்டிய துணியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பைஜாமாவோடு குடியேற்ற வரிசையில் நின்ற ஒரு மனுஷரை நான் பார்த்திருக்கிறேன்.

இன்றைக்கு ரொம்ப உயர்வாகப் பேசப்படும் டின்னர் ஜாக்கெட் பிறந்ததே கட்டுப்பாட்டைத் தளர்த்தத்தான். லண்டன் சாவில் ரோவில் ஹென்றி பூல் என்ற தையலகம். பின்னாளில் ஏழாம் எட்வர்டு ராஜாவான வேல்ஸ் இளவரசர், வால் வைத்த கோட்டுக்குப் பதிலாகக் கிராமத்து மாளிகையில் சாவகாசமாகச் சாப்பிடும்போது போட ஒரு குட்டைக் கோட்டு கேட்டார், 1865-இல் தைத்துக் கொடுத்தோம் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. அது அமெரிக்கா போய், நியூயார்க் பக்கத்தில் 1886-இல் ஆரம்பித்த டக்சிடோ கிளப்பின் பேரை வாங்கிக்கொண்டது. ஆகக் கடுகு, அந்தக் காலத்துக் கண்ணுக்கு டக்சிடோ என்பது லுங்கி மாதிரி!

இன்னொன்று. அந்த உடுப்பில் இடுப்பைச் சுற்றி அகலமாக ஒரு பட்டுத் துணி கட்டுவார்களே, கம்மர்பண்ட், அது நம் பக்கத்துச் சரக்கு. கமர்பந்த், பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானிக்கு வந்த சொல், இடுப்புக் கட்டு என்று அர்த்தம். இந்தியாவில் இருந்த ஆங்கிலேய ராணுவ அதிகாரிகள் வெயிலுக்கு வெய்ஸ்ட்கோட் தாங்காமல் அதைக் கட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். செங்கடல் பக்கம் போன கடற்படைக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்க் கோட்டையே கழற்றிவிட்டு, வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேன்ட், இடுப்பில் இந்தத் துணி, இவ்வளவோடு விருந்துக்குப் போனார்கள். அதற்கு ‘ரெட் சீ ரிக்’ என்றே பேர்.

சரி, வாசலில் என்ன நடக்கும்? நான் நின்ற வாசலைச் சொல்கிறேன். யாரையும் கையைப் பிடித்துத் தள்ளியதில்லை. அரைக்கால் சட்டையோடு வந்தால் தலைமைப் பரிமாறுநர் புன்சிரிப்போடு பக்கத்தில் போய், “சார், மேலே பஃபேயில் இன்றைக்கு நல்ல மீன் இருக்கிறது” என்பார். புரிந்தவர் போய்விடுவார். கோட்டை மறந்து வந்தவருக்கு இரவல் கோட்டு ஒன்றும் வைத்திருந்தோம். ஒரே அளவு. அது யாருக்குமே சரியாக இருந்ததில்லை.

#6 | கடுகு

இவ்வளவும் சரி. ஆனால் வேட்டி விஷயத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. நம் ஊரிலேயே விடாதவர்கள் உண்டு. 2014-இல் சென்னையில் ஒரு கிளப்பில், வேட்டி கட்டி வந்தார் என்று உயர் நீதிமன்ற நீதிபதியையே வாசலில் நிறுத்தவில்லையா?

#7 | சவுத்தாம்ப்டன்_வாசி

நிறுத்தினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் சட்டசபையில் சட்டமும் வந்தது, வேட்டி கட்டியவரைப் பொது இடங்களில் தடுக்கக் கூடாது என்று. அந்தச் சட்டம் அட்லாண்டிக் நடுவே செல்லாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குனார்டுக்குச் சட்டம் தேவையில்லை, அவர்கள் தாளிலேயே இருக்கிறது. வெள்ளைக்காரன் விட்டுப்போன விதியை அவனைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டது நம் ஊர் கிளப்புகள்தான். அவன் தன் கில்ட்டை என்றைக்கோ உள்ளே விட்டுவிட்டான்.

#8 | பினாங்குப்_பிள்ளை

எங்கள் மலேசியாவில் முழுக்கை பாத்தேக் சட்டை போட்டால் அதுவே விருந்து உடை, அரசாங்க விழாவுக்கே போகலாம். சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, பூக்கெட் போகும் கப்பல்களில் எங்கள் ஆட்கள் பாதிப்பேர் அதில்தான் வருவார்கள். பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு பாரோங் சட்டை. பரிமாறுகிறவர்களில் நிறையப் பேர் அந்த ஊர்க்காரர்கள். பாரோங் போட்ட விருந்தாளியைப் பார்த்தால் அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும், கூடுதலாக ஓர் ஐஸ்க்ரீம் நிச்சயம்.

#9 | ஊசிநூல்

மதுரையில் தையல் கடை. சூட் தைக்கிறவனே சொல்கிறேன், இந்த ஒரு பயணத்துக்காக டக்சிடோ தைக்க வேண்டாம். டக்சிடோ என்றால் கறுப்பு சூட்டோடு போ டை கட்டியது இல்லை. காலர் மடிப்பில் பட்டு வைக்க வேண்டும், பேன்ட் வெளித் தையலில் பட்டுப் பட்டி ஓட வேண்டும், பெல்ட் போட லூப்பே இருக்காது. அதை ஊருக்கு வந்து எந்தக் கல்யாணத்துக்கும் போட முடியாது. பேண்டு வாசிக்கிறவர் என்று நினைத்துவிடுவார்கள்.

பந்த்கலா ஒன்று தைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கழுத்து மூடிய கோட்டு, ஜோத்புரி என்றும் சொல்வோம். கறுப்பு அல்லது கருநீலம். டை வேண்டாம், போ டை வேண்டாம், உள்ளே என்ன சட்டை என்று யாருக்கும் தெரியாது. முதல் ராத்திரி கறுப்புப் பேன்ட்டோடு, இரண்டாம் ராத்திரி வேட்டியோடு. அப்புறம் மகள் கல்யாணத்துக்கும் ஆகும். துணி மெல்லிய கம்பளியில் எடுங்கள். பளபளப்பாக இருக்கிறது என்று பாலியெஸ்டரில் எடுத்தால் நாலு பாட்டு ஆடி முடிக்கும்போது உள்ளே இட்லி வேகும். உள் லைனிங் பாதி போதும்.

வேட்டியோடு போடுவதாக இருந்தால் கோட்டு நீளத்தைப் பேன்ட்டுக்கு வைப்பதைவிட இரண்டு விரற்கடை கூட்டச் சொல்லுங்கள். வேட்டி முடிச்சு வயிற்றுப் பக்கம் புடைக்கும், குட்டையாக இருந்தால் கோட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். 4 முழம் ஒற்றை வேட்டி வேண்டவே வேண்டாம், அங்கே விளக்கு வெளிச்சம் அதிகம். 8 முழம் டபுள்.

#10 | ஸ்கார்பரோ_அக்கா

தங்கச்சி, சீலையைப் பற்றி ஒருத்தரும் இன்னும் ஒழுங்காகச் சொல்லேல்லை, அதனால் நான் வாறன். யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது ரொறொன்ரோவில். புளோரிடாவில் ஏறி கரீபியன் பக்கம் நாலு தரம் போயிருக்கிறன், இந்த அட்லாண்டிக் கப்பலில் ஒரு தரம்.

பட்டுச் சீலை கட்டினால் நீங்கள் தனித்துத்தான் தெரிவீர்கள். அது நல்லதுக்குத்தான். அங்கே வாற மனுசிமார் தரை கூட்டிற நீளக் கவுனும் மினுக்கமும் கைமுழங்கை வரை கையுறையுமாய் வருவினம், உங்கட காஞ்சிபுரம் அதுக்கு முன்னாலை ஒன்றும் கூடிப்போகாது. கரீபியன் கப்பலில்தான் கொஞ்சம் கூடிப்போகும். அங்கே ஃபார்மல் இரவிலேயே பாதிப் பேர் பூப்போட்ட சட்டையோடை வருவினம்.

ஆனால் கல்யாணக் கூறையைக் கொண்டு போகாதேங்கோ. சரிகை கூடின சீலை ஒன்று ஒரு கிலோவைத் தொடும். மெல்லிய பட்டு ஒன்று, ஜோர்ஜெட் ஒன்று, இரண்டு காணும். கப்பல் ஆடேக்கை கொசுவத்தை மிதிச்சுப் படியிலை சறுக்கின ஒரு ஆளை எனக்குத் தெரியும் (நான்தான்). வழமையாய்க் கட்டுறதிலும் ஒரு விரல் உயர்த்திக் கட்டுங்கோ. குதி உயர்ந்த சப்பாத்து வேண்டாம். கொசுவத்துக்கு ஒரு ஊசி, தோளுக்கு இரண்டு. தலைப்பைப் பறக்க விட்டுக்கொண்டு வெளித் தட்டுக்குப் போகாதேங்கோ, அட்லாண்டிக் காத்து உங்களையும் சேத்துத் தூக்கும்.

எல்லாத்திலும் முக்கியம்: உள்பாவாடை. இரண்டு சீலை, அதுக்குப் பொருத்தமான இரண்டு சட்டை, நகை, ஊசிப்பெட்டி, எல்லாம் பார்த்துப் பார்த்து வைச்சன். உள்பாவாடை ரொறொன்ரோவில் கட்டிலிலை கிடந்தது. நடுக்கடலிலை உள்பாவாடை விற்கிற கடை இல்லை. கடைசியிலை என்ர மருமகளின்ர கறுப்புக் காற்சட்டைக்கு மேலே நாடா கட்டிச் சீலை உடுத்தன். படத்தில் வடிவாய்த்தான் இருக்கு. உட்காரேக்கைதான் தெரியும் என்ன பாடு என்று.

#11 | கோவைக்காரி

அக்கா, சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். பாவாடை இரண்டையும் இப்போதே பெட்டிக்குள் வைத்துவிட்டேன். பயணத்துக்கு இன்னும் மூன்று மாசம் இருக்கிறது.

பட்டைப் பெட்டியில் மடித்து வைத்தால் கசங்குமே, அங்கே இஸ்திரி போட வழி உண்டா? சின்னப் பெட்டி ஒன்று வீட்டிலிருந்தே கொண்டுபோகலாமா?

#12 | ஏழாம்தளம்

கொண்டுபோகவே கூடாது. கப்பலில் தீதான் முதல் எதிரி. இஸ்திரிப் பெட்டி, மெழுகுவர்த்தி இதெல்லாம் ஏறும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள், இறங்கும்போதுதான் கைக்கு வரும். குயின் மேரி 2-இல் பயணிகளே துவைத்து இஸ்திரி போட்டுக்கொள்ளும் அறைகள் உண்டு, காசு கிடையாது. ஆனால் காலா அன்று மத்தியானம் அங்கே பெட்டிக்கு வரிசை நிற்கும். கப்பலின் முக்கால்வாசி ஊர்வம்பு அந்த அறையில்தான் பிறக்கிறது. முந்தின நாளே முடித்துவிடுங்கள்.

#13 | ஊசிநூல்

பட்டுக்கு மிதச் சூடு, உள்புறம் திருப்பிப் போட்டு, மேலே மெல்லிய பருத்தித் துணி விரித்து. தண்ணீர் தெளிக்கக் கூடாது, திட்டுத் திட்டாகப் படியும். ஜரிகை மேல் பெட்டியை நேராக வைக்கவே வைக்காதீர்கள்.

#14 | சவுத்தாம்ப்டன்_வாசி

கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு. நாலு காந்தக் கொக்கி வாங்கி வையுங்கள், புடவையையும் கோட்டையும் தொங்கவிடலாம். கதவைச் சாத்திக்கொண்டு வெந்நீரில் குளித்தால் அந்த ஆவியிலேயே லேசான சுருக்கம் போய்விடும். ஒரு நல்ல சால்வையும் எடுங்கள். சாப்பாட்டு மண்டபத்து ஏ.சி. ஊட்டி மாதிரி இருக்கும்.

#15 | வெயிலோன்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நாங்கள் டிசம்பரில் போகிறோம், பையனுக்கு 8, பெண்ணுக்கு 5. குழந்தைகளுக்கும் இதெல்லாம் உண்டா? அப்புறம் சைவச் சாப்பாடு எப்படி, வெங்காயம் பூண்டு இல்லாமல்...

#16 | நெறியாளர்

சாப்பாட்டுக்குத் தனி இழை ஓடுகிறது, 40 பக்கம் தாண்டிவிட்டது. அங்கே கேளுங்கள். இங்கே துணி மட்டும்.

#17 | ஸ்கார்பரோ_அக்கா

பெட்டைக்குப் பட்டுப் பாவாடை சட்டை, பெடியனுக்கு ஒரு குர்த்தா. முழுக் கப்பலும் வந்து உங்கட பிள்ளையளோடை படம் எடுக்கும். படம் என்றதும் ஞாபகம் வருது. காலா இரவிலை மாடிப்படி முன்னாலை திரை கட்டி, கப்பல் படப்பிடிப்புக்காரர் நிப்பினம். எடுக்கிறதுக்குக் காசில்லை, வாங்கத்தான் காசு. விலையைப் பார்த்திட்டு நாங்கள் அந்தப் படிக்கட்டிலேயே எங்கட போனிலை எடுத்தம்.

#18 | கடுகு

முகமூடி ராத்திரிக்கு என்ன செய்வது? நம் ஊர் சூரன் முகமூடி மாட்டிக்கொண்டு போகலாமா?

#19 | சவுத்தாம்ப்டன்_வாசி

கண்ணை மட்டும் மறைக்கும் சின்னது போதும். ஒருவரும் அதை மாட்டிக்கொண்டு சாப்பிடுவதில்லை, சூப் வரும்போதே எல்லாம் மேஜைமேல் வந்துவிடும். கண்ணாடி போடுகிறவர்கள் குச்சி வைத்துக் கையில் பிடிக்கும் வகையைப் பாருங்கள். ‘கறுப்பு-வெள்ளை’, ‘முகமூடி’ எல்லாம் ஆசைப்பட்டவர்களுக்குத்தான், கட்டாயமில்லை. மயில்நீலப் பட்டில் போனாலும் உள்ளே விடுவார்கள்.

#20 | கடுகு

வர்ஜின் கப்பலில் கட்டாய உடையே கிடையாது, ஆனால் ஒரு ராத்திரி மட்டும் எல்லாரும் சிவப்பில் வாருங்கள் என்பார்களாம். ‘வா’ என்று கூப்பிட்டால் எல்லாரும் போடுகிறார்கள், ‘போடு’ என்றால் எனக்கு எரிகிறது. என் பிரச்சினை துணியில் இல்லை போலிருக்கிறது.

#21 | ஏழாம்தளம்

கல்யாணத்துக்குப் போகும்போது யாரும் உங்களைப் ‘போடு’ என்று சொல்வதில்லை, ஆனாலும் நீங்கள் லுங்கியில் போவதில்லை.

#22 | கடுகு

எங்கள் ஊரில் போவோம்.

(இந்த இழையில் அடுத்த பதிவு மூன்று மாதத்துக்கு மேல் கழித்து)

#23 | கோவைக்காரி

எல்லாருக்கும் மறுபடி வணக்கம். போய்விட்டு வந்து ஒரு வாரம் ஆகிறது. கட்டில் இன்னும் லேசாக ஆடுகிற மாதிரியே இருக்கிறது. சொன்னவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பந்த்கலா தைத்தோம், கருநீலம். ஊசிநூல் சொன்ன இரண்டு விரற்கடைக் கணக்கை எங்கள் தையல்காரரிடம் சொன்னதும், “யார் சொன்னா? விஷயம் தெரிஞ்ச ஆளு” என்றார். முதல் காலா மூன்றாவது ராத்திரி வந்தது. கறுப்புப் பேன்ட்டோடு போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். பத்து நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “அன்னிக்கு இப்படித் தைச்சுக் குடுத்திருந்தா போட்டிருப்பேன்ல” என்றார். நாற்பது வருஷத்துக்கு முந்தின வாடகைக் கோட்டின் மேல் இருந்த கோபம் அது.

நான் கறுப்பில் வெள்ளைக் கரை போட்ட மெல்லிய பட்டு. சாப்பாட்டு மண்டபத்துக்கு இறங்கும் படியில் கைப்பிடியை விடவே இல்லை. அக்கா ஞாபகம்தான். உள்ளே போனால், நீங்கள் சொன்னது சரி. கவுன், வைரம், வால் கோட்டு எல்லாம் இருந்தது. எங்கள் மேஜையிலேயே ஒருவர் பழைய சூட், பழுப்பு ஷூ. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் என் புடவையைப் பார்த்தார்கள். கழிப்பறையில் கை கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளைக்கார அம்மாள், எண்பது வயசிருக்கும், “இது மொத்தம் எத்தனை கஜம்?” என்று கேட்டார். ஆறு என்று சொல்லி, முந்தியைப் பிரித்துக் காட்டினேன். தைக்கவே இல்லையா, தைக்கவே இல்லையா என்று இரண்டு தடவை கேட்டார்.

இஸ்திரி அறை: ஏழாம்தளம் சொன்னபடி முந்தின நாளே போனேன். என்னைப் போலவே முந்தின நாள் வர வேண்டும் என்று பதினோரு பேருக்கு யோசனை வந்திருந்தது. மேற்கே போகும்போது ஐந்து ராத்திரி கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். நாளுக்கு 25 மணி நேரம் கிடைத்தும் எனக்கு அந்தப் பெட்டி கிடைக்க முக்கால் மணி ஆனது. ஆனால் பக்கத்தில் நின்ற ஒரு பஞ்சாபிப் பெண்ணிடம் நியூயார்க்கில் எங்கே நல்ல காபி கிடைக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது காலா, முகமூடி ராத்திரி. அன்றைக்குத்தான் வேட்டி. மயில்கண் கரை 8 முழம், மேலே பந்த்கலா. கட்டி முடித்த பிறகு கப்பல் கொஞ்சம் ஆடியது. அவர் முகத்தில் ஒரு சந்தேகம். மகள் பெட்டியைத் திறந்து ஒட்டிக்கோ வேட்டி ஒன்றை எடுத்தாள். முன்னாடியே வாங்கி ஒளித்து வைத்திருக்கிறாள்! “அதெல்லாம் மாப்பிள்ளைப் பசங்களுக்கு” என்று முறைத்தார். அடுத்த ஆட்டத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டார். மேலே பச்சை பெல்ட் வேறு. கோட்டு மூடியிருந்ததால் நல்லதாயிற்று.

சாப்பிட்டு முடித்து குயின்ஸ் ரூம் என்று ஆடும் கூடம், அங்கே போனோம். இசைக்குழு நேரிலேயே உட்கார்ந்து வாசிக்கிறது, ஜோடி ஜோடியாக ஆடுகிறார்கள். தனியாக வந்த பெண்களோடு ஆடுவதற்கென்றே கப்பலில் ஆட்கள் வைத்திருக்கிறார்கள், அது எனக்குப் புதுசு. நாங்கள் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். கில்ட் கட்டிய ஒருவர், அறுபத்தைந்து இருக்கும், எதிரே வந்து நின்று எங்கள் வீட்டுக்காரர் வேட்டியையே பார்த்தார். இவரும் கில்ட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அந்த மனுஷர் குனிந்து மெதுவாக, “மன்னிக்க வேண்டும், இதை எது பிடித்து நிறுத்துகிறது?” என்றார். மகள் மொழிபெயர்த்தாள்.

எங்கள் வீட்டுக்காரர் கோட்டின் கீழ்ப் பட்டனைக் கழற்றி, பச்சை பெல்ட்டையும் வெல்க்ரோவையும் திறந்து காட்டிவிட்டார். கூடத்துக்கு நடுவே! நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். பதிலுக்கு அந்தக் கில்ட்காரர் தன் இடுப்பில் தொங்கிய தோல் பையைத் திறந்து காட்டினார். போன், கேபின் அட்டை, மூக்குக் கண்ணாடி, இரண்டு மிட்டாய். அதற்கு ஸ்போரன் என்று பேராம். கில்ட்டில் பாக்கெட் இல்லாததால் அந்தப் பை.

அவ்வளவுதான், அன்றையிலிருந்து அதே பேச்சு. வேட்டியிலும் பாக்கெட் கிடையாது. ராத்திரி முழுக்கப் போனை நான்தான் கைப்பையில் சுமந்தேன், கேபின் அட்டையை அவர் மடியில் செருகி இரண்டு தடவை கீழே விழுந்தது. “அவனுக ஊர்ல யோசிச்சிருக்கான் பாரு, நமக்கு ஏன் தோணல” என்று நியூயார்க் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

#24 | கடுகு

அம்மா, அந்த பெல்ட்டைத் திறந்து காட்டிய இடத்தில் நான் தோற்றுவிட்டேன். அடுத்த வருஷம் எனக்கும் ஒரு டிக்கெட் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கோட்டு மட்டும் போடமாட்டேன்.

#25 | ஸ்கார்பரோ_அக்கா

உள்பாவாடை?

#26 | கோவைக்காரி

மூன்று கொண்டுபோனேன் அக்கா.

#27 | ஊசிநூல்

நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப்பை என்னவாம்? ஸ்போரனுக்குத் தாத்தா அது. ஐயாவை மதுரைப் பக்கம் வரச் சொல்லுங்கள், வேட்டிக் கரைக்கு ஏற்ற பட்டில், பெல்ட்டில் கோக்கிற மாதிரி ஒன்று தைத்துத் தருகிறேன். என்ன அளவு?

#28 | கோவைக்காரி

பக்கத்தில்தான் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார். போன், அட்டை, மூக்குக் கண்ணாடி மூன்றும் கொள்ள வேண்டுமாம். மிட்டாய்க்குத் தனியாக ஒரு அறை வைக்க முடியுமா என்று கேட்கிறார்.